பார்த்ததை மட்டும் சொன்னவர்

எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டு மெஸ் ஒன்றில் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார் ஒரு சர்வேயர். வெளுத்துப்போன கறுப்புச் சட்டை, தடித்த கண்ணாடி. தண்ணீர் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சாமியார் சாப்பிடாமலே வாழ்கிறார் என்று ஊரில் பேச்சு. அந்தக் குட்டை உடைக்க, பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இவரை அனுப்பினார்கள். மூன்று நாள் சாமியாரின் வாசலிலேயே இருந்துவிட்டு வந்தவர், "அவர் சாப்பிட்டதை நான் பார்க்கலை" என்றார். நண்பர்கள் இவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பக்தர்கள் மாலையோடு வந்தார்கள். "நான் பார்க்கலைன்னா அவர் சாப்பிடலைன்னு ஆயிடுமாங்க?" என்று கேட்டார். அவர்களும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்து பேசியிருக்கலாமே சார்" என்றேன்.

"தெரியாததைத் தெரியும்னு எப்படிங்க சொல்றது?" என்று சிரித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைதான் பேச ஆளில்லாம போகவே மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் என் ஆபீஸ்காரர்கள் வேறு மேஜையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இலையோடு எழுந்து போய்விட்டேன். ஏன் போனேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் இல்லை.