இரண்டாக வெட்டிய ஷீட்

மாடிக்குக் கூரை போட கலர் ஷீட் வாங்க சோமனூர் போயிருந்தேன். கடையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெளுத்த வேட்டி, வெயிலில் கறுத்த கழுத்து. ஒவ்வொரு ஷீட்டையும் நடுவில் பிடித்துத் தூக்கி, இரண்டு பக்கமும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டு வைத்தார். நிறத்தை அவர் கவனிக்கவே இல்லை.

"முழு நீளமா எடுங்கண்ணா. ரெண்டு துண்டாப் போட்டா ஜாயிண்டுல ஒழுகுமுங்க," என்றார் கடைக்காரர்.

"ஒழுகுனா பசை அடிச்சுக்கலாமுங்க. வெட்டியே குடுங்க."

"ஏனுங்க, முழுசாப் போட்டா வேலையும் சுளுவுதானுங்களே?"

"அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணுமுங்களே," என்றார், ஸ்குரு என்ன விலை என்று கேட்கிற மாதிரி சாதாரணக் குரலில்.

கடைக்காரர் ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டாக வெட்டிக் கொடுத்தார். ஷீட் ஓரம் கையைக் கிழிக்கும் என்று இரண்டு ஜோடி கிளவுஸ் எடுத்து வைத்தார். வேட்டிக்காரர் ஒரு ஜோடியைத் திருப்பித் தள்ளினார்.

துண்டுகளை ஒவ்வொன்றாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். காற்றில் ஒரு ஷீட் திரும்பியது. ஓடிப்போய்ப் பின்முனையைப் பிடித்தேன். அவர் தடுமாறி நின்றார்.

"சொல்லிப்போட்டுப் புடிங்க தம்பி," என்றார் திரும்பாமலே. "திடீர்னு பாரம் கொறஞ்சா காலு நிக்க மாட்டேங்குதுங்க."

விடுவதா, பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வண்டி வரை அவர் பின்னாலேயே நடந்தேன்.