கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பதுளையில் வானம் பார்க்கிறவர்கள் சிறு கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள். கடைவீதியில் இரும்புக்கடை நடத்தும் குடும்பத்துத் திலீபன் அதற்குத் தலைவர். தெமோதரைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் புவனேந்திரன் அந்தக் கூட்டத்தில் சேர நெடுநாளாக முயன்றுகொண்டிருந்தான். முடியாது என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

“தோட்டத்துல இருந்து பாத்தா வானம் கிட்டத்துலதானே மாஸ்டர், ஒங்களுக்கு எதுக்கு டெலஸ்கோப்” என்பார் திலீபன். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு பஸ் ஏறுவான். திலீபனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போவான். வாயில் வருவது ‘மொதலாளி’தான்.

நவராத்திரி வாரத்தில் திலீபன் தானாகவே சொன்னார்: “சனிக்கிழமை அந்திக்கு வந்து பாக்குறோம். ஒங்க குழாயில சனிக்கோளோட வளையம் சுத்தமாத் தெரிஞ்சா, பௌர்ணமிப் போயாவுக்கு மைதானத்துல சனங்களுக்குக் காட்டுறது நீங்கதான்.”

அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் புவனேந்திரன் குழாயின் கண்ணாடியைக் கழுவக் கழற்றினான்.

அவன் செய்த தொலைநோக்கி மோசமில்லை. தண்ணீர் போகிற பெரிய பிளாஸ்டிக் குழாய். அதன் அடியில் சோற்றுத் தட்டளவு குழிக் கண்ணாடி, வாய்ப்பக்கம் சாய்த்து வைத்த சிறு கண்ணாடி. குழிக் கண்ணாடி ஒளியைச் சேர்த்து மேலே அனுப்பும். சிறியது அதைத் திருப்பிக் கண்ணுக்குத் தரும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் ஒரு பக்கமாக இழுபட்டு வால் முளைத்துக் கிடக்கும். அடிப்பக்கத்து மூன்று திருகாணிகளைத் திருகி நேர்ப்படுத்த வேண்டுமானால், பெரிய கண்ணாடியின் சரிநடுவில் ஓர் அடையாளம் வேண்டும். புவனேந்திரன் அதற்கு மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, காகிதத்தில் வட்டம் வரைந்து மையம் கண்டு, ஒட்டியிருந்தான். வட்டமாக இருந்தது, நன்றாக ஒட்டியது, ஒளியை மறைக்கவுமில்லை. “ஒங்க கண்ணாடியாவது சுமங்கலியா இருக்கட்டும்” என்று மனைவி விஜயலெட்சுமி கேலி செய்வாள்.

அவள் அப்போது வீட்டில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக அப்புத்தளைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவனுடைய அக்கா இராக்கம்மா.

இராக்கம்மா கொழுந்தெடுத்துத்தான் தம்பி படித்தான். இதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. அவன் மறந்ததுமில்லை, ஆனால் மறக்காமல் இருப்பதையே கடனைத் தீர்த்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் மனிதர்களில் அவனும் ஒருவன். அவளை மீரியபெத்தையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மலை சரிந்த காலையில் அவள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். லயத்து வீட்டில் இருந்த புருஷன் மண்ணுக்குள் போனவர்தான், கடைசிவரை கிடைக்கவில்லை. உடல் இல்லாத சாவுக்கு எந்த நாளில் பொட்டழிப்பது என்று தப்பியவர்களைத் தங்கவைத்த முகாமில் இருந்த பெண்கள் கூடிப் பேசி ஒரு நாள் வைத்தார்கள். அழைத்துவரப் போன புவனேந்திரன் அவர்களோடு சண்டை போட்டான்.

“பொட்டு வெச்சா என்ன ஆயிரும்? ஒண்ணும் ஆகாது. நீ வெச்சுக்கக்கா.”

அவள் வைக்கவில்லை. ஆனால் அவன் அன்று பேசியதை அவள் பெரிதாக நினைத்தாள். அவனும் அப்படியே நினைத்தான். பாடசாலையில் நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

ஆயுத பூசையன்று காலையில் கண்ணாடியைக் கழுவி, உலர்த்தி, மேசையில் சாய்த்து வைத்து வெள்ளைத் துணியால் மூடினான். பிறகு பாடசாலை வாணி விழாவுக்குப் போனான். அங்கே அவனுடைய பேச்சு சகுனங்களைப் பற்றி. குறுக்கே போகும் பூனை தன் வேலையாகப் போகிறது, உங்கள் பரீட்சையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்றான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவன் திரும்பி வந்தபோது வீடெல்லாம் சந்தனம் மணத்தது. தையல் மெஷின், அரிவாள், குறடு, திருப்புளி எல்லாவற்றிலும் பொட்டு. விஜயலெட்சுமி செய்வதை இந்த முறை அக்கா செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். குறட்டைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். கண்ணாடியின் மேல் துணி இருந்தது; துணிக்கடியில் பொட்டு இருந்தது. கண்ணாடியிலும் சந்தன வாசனை வந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வரை மழை. நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்க்க வழியில்லை. குழாயை மேசையில் கிடத்தி, துளை போட்ட மூடி வழியாகப் பார்த்துத் திருகாணிகளைத் திருகினான். சிறு கண்ணாடியின் நடுவில் பொட்டு வந்தது. பொட்டின் மேல் துளையின் கறுப்பு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் சமமாகத் தெரிகின்றனவா என்று பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். பார்க்கவில்லை. பொட்டு நடுவில் இருந்தால் எல்லாம் நடுவில் இருக்கும் என்பது அவன் தானே உண்டாக்கிய நம்பிக்கை. அப்படிப்பட்டதை மனிதன் லேசில் சந்தேகிப்பதில்லை.

திலீபனும், மருந்துக்கடை ஹாஷிமும் வந்தார்கள். இராக்கம்மா தேத்தண்ணி கொடுத்தாள். மழை விட்டு, தெமோதரை ஸ்டேஷன் விளக்குகளுக்கு மேலே வானம் கழுவி விட்டதுபோல் திறந்தது. புவனேந்திரன் முற்றத்தில் குழாயை நிறுத்திச் சனிக்கோளைப் பிடித்தான். முதலில் விருந்தாளி பார்க்கட்டும் என்று விலகி நின்றான்.

திலீபன் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மாஸ்டர், சனிக்கு வாலு எப்ப மொளைச்சிச்சு?”

ஹாஷிம் பார்த்தார். “தலைப்பிரட்டை மாதிரி இரிக்கே.”

புவனேந்திரன் பார்த்தான். வளையமும் கோளும் ஒன்றாகக் கரைந்து ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தன.

“மழை விட்ட காத்து, மொதலாளி. அதோட பெக்டரிச் சூடு வேற. கொஞ்சம் பொறுங்க.”

“எங்க கடை மொட்டைமாடியில கீழ நாலு பேக்கரி எரியுது. அங்க இப்பிடி வழியிறதில்லையே.” திலீபன் ஹாஷிமின் பக்கம் திரும்பினார். “தோட்டத்துச் சனியனுக்கு வாலு இருக்கும் போல.”

புவனேந்திரன் பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்குக் குழாயைத் திருப்பி, வேண்டுமென்றே குவியத்தைக் கலைத்தான். புள்ளி விரிந்து வட்டமாயிற்று. வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு நிழல் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. காற்றுமில்லை, சூடுமில்லை. கண்ணாடிதான் கோணல். ஆனால் பொட்டு நேர் என்று சொன்னது. அப்படியானால் பொட்டு நடுவில் இல்லை.

“அக்கா.”

இராக்கம்மா வாசலுக்கு வந்தாள்.

“கண்ணாடியத் தொட்டியா?”

அவள் விருந்தாளிகளைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். “பூசைக்கு எல்லாத்துக்கும் வெச்சேன். அதுக்கும் சந்தனம் வெச்சேன் தம்பி. அப்பறம் நீ ஏசுவேன்னு தொடைச்சேன். தொடைக்கயில அந்தப் பொட்டும் கூட வந்துருச்சு. திருப்பி ஒட்டிட்டேன்.”

“எங்க ஒட்டுன?”

“இருந்த எடத்துலதான்.”

“எப்பிடித் தெரியும் அது இருந்த எடம்னு?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “அதுல மொகம் பெருசாத் தெரிஞ்சிச்சு. நெத்தி தெரிஞ்ச எடத்துல ஒட்டுனேன்.” குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்: “நீதானே தம்பி சொல்லுவ, வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு.”

ஹாஷிம் தலையைக் குனிந்துகொண்டார். திலீபன் சிரித்தார்.

“அது சரி. அவங்க ஒட்டுனாங்க. மாஸ்டர் அளந்து பாக்கலையா? ஒரு பொட்டு சொன்னதையா நம்பிக்கிட்டு இருந்தீங்க? இதுலயா நாங்க ஊர்ச் சனத்தக் கூட்டிக் காட்டுறது?”

கேள்வி சரியானது. அதற்குச் சரியான பதிலும் இருந்தது: பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதைச் சொல்ல ஒரு மூச்சுக்குமேல் ஆகாது. ஆனால் சொன்னால் திலீபன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போவார், பிறகு போயா இல்லை, மைதானம் இல்லை. புவனேந்திரன் வாயைத் திறந்தபோது அந்தப் பதில்தான் வரும் என்று அவனே நினைத்தான்.

“தாலியறுத்த கை பட்டா எது மொதலாளி வெளங்கும்” என்றான்.

லயத்துப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

“அதச் சொல்லுங்க” என்றார் திலீபன். அவருடைய குரல் மாறிவிட்டது. கேலி போய், ஒரே வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் நெருக்கம் வந்திருந்தது. “எங்க அப்பா கடை தொறக்கப் போகயில எதுக்க அப்பிடி யாரும் வந்தா, திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாரு. நாம படிச்சவங்கன்னு இதெல்லாம் வெளிய சொல்றதில்ல.”

எல்லோரும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் காரணத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. புவனேந்திரன் அளக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் மறைந்துவிட்டது. இராக்கம்மா வெறும் கோப்பைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் சத்தம் போடவில்லை.

பிறகு அவன் நட்சத்திரத்தைப் பார்த்தே வேலை செய்தான். ஹாஷிம் கண் வைத்து நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல, அவன் திருகாணிகளைத் திருகினான். நிழல் நடுவுக்கு வந்தது. குழாயைத் திருப்பினான். சனிக்கோள் கறுப்பில் தனியாக நின்றது, வளையம் தாளில் வெட்டி ஒட்டியதுபோல. வேலையைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திலீபன் நீண்ட நேரம் பார்த்தார். “சரி மாஸ்டர். போயாவுக்கு வந்துருங்க.” ஆட்டோவில் ஏறும்போது திரும்பினார். “அந்தம்மா கை மட்டும் படாமப் பாத்துக்குங்க.”

“ஆமாங்க” என்றான் புவனேந்திரன்.

ஆட்டோ வளைவில் மறைந்த பிறகு அடுப்படிக்குப் போனான். அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

“அக்கா, வந்து பாரு. இப்ப நல்லாத் தெரியுது.”

“வேணாம் தம்பி. திரும்பக் கோணிக்கிட்டா ஒனக்குத்தான் கஷ்டம்.”

குத்திக்காட்டுகிறாளோ என்று அவன் முகத்தைப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் மெய்யாகவே சொன்னாள். அது தெரிந்தபோது அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. சண்டை இல்லை, சமாதானமும் சொல்ல வேண்டியதில்லை.

போயாவன்று பின்னேரம் ஆட்டோ வந்து நின்றது. விஜயலெட்சுமி அப்புத்தளையிலிருந்து திரும்பியிருந்தாள். குழாயை ஏற்றும்போது அடுப்படிக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருப்பதை அவன் பார்த்தான். பாடசாலைக்குப் போகும் காலைகளிலும் சில நாளாக அப்படித்தான் இருந்தது. அடுப்புப் புகைக்காக என்று நினைத்திருந்தான்.

“மதினி வர மாட்டாங்களாம்” என்றாள் விஜயலெட்சுமி. “நீங்க எறங்கிப் போனப்பறம்தான் கதவத் தொறப்பாங்களாம். நல்ல காரியமாப் போறீங்களாம். என்னா சொன்னீங்க அவங்கள?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“சும்மாவா உள்ள போய்ப் பூட்டிக்கிறாங்க?”

“நேரமாச்சு.”

மைதானத்தில் நல்ல கூட்டம். திலீபன் அவனைத் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் பொட்டுக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் தாலியறுத்த கை என்ற இடத்தில் நிறுத்தி, “மாஸ்டரே சொன்னது” என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். புவனேந்திரனும் சிரித்தான். முன்பு கடைவீதிக்குப் போய்வந்த நாட்களில் சிரித்த அதே சிரிப்பு, வேறு ஒன்று அவனிடம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

இப்போது பதுளைக் கூட்டத்தில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. திலீபனைத் திலீபன் என்றே அழைக்கிறான். கண்ணாடியில் புதுப் பொட்டு, அளந்து ஒட்டியது. அதை வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அடுப்படிக் கதவுக்கு முன்னால் போய் “அக்கா, வெளிய வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் மாதம் சொல்ல நினைத்தான். பிறகு நினைப்பது குறைந்தது. இப்போதெல்லாம் குழாயை ஏற்றியதும், அந்தக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறான்.