மாடிப்படி ஏறாத வீட்டுக்காரி

போன வாரம் காந்தி பஜாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன் பண்ணிய சட்டை, தோளில் பை... ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து நின்று, "வணக்கம் மேடம், நல்லாருக்கீங்களா?" என்றார்.

வாசகர் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. முகத்தைக் கொஞ்சம் எழுத்தாளர் மாதிரி வைத்துக்கொண்டு, "வாராவாரம் என் பத்தியப் படிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "இல்ல மேடம்... நான் உங்க மாடியில குடியிருக்கேன்."

கேட்டதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "எப்பலேர்ந்து?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

"ஏழு மாசமா மேடம்."

காய்க்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும் தைரியமே எனக்குப் போய்விட்டது.

என் மேல் மட்டும் தப்பில்லை. புரோக்கர் கூட்டி வந்த அன்று நான் ஊரில் இல்லை. சாவி கொடுத்தது என் வீட்டுக்காரர். அந்தத் தம்பி முதல் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார். வாடகை அவர் போனிலிருந்து இவர் போனுக்கு வந்துவிடுகிறது. மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போட்டாயிற்று. துணி காயப்போடக் கீழேயே ஸ்டாண்ட். எனக்கும் முட்டிவலி. பிறகு எதற்கு நான் மாடி ஏற வேண்டும்?

ஒரு காலத்தில் நாளைக்கு நாலு முறை ஏறிக்கொண்டிருந்தேன். அப்போது மேலே இருந்தது நூர்ஜஹான். எனக்கு நூரு.

நூருவின் கணவர் ஜாகீர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இரண்டாம் கிளாஸ் படிக்கிற மகள் ஷபானா. என்னை "பெரிம்மா" என்றுதான் கூப்பிடும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி, பத்து மணிக்கு மேல் நூரு வாடகையோடு கீழே இறங்கி வருவாள். கொடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பேச்சு. ஓட்டல் முதலாளியின் கஞ்சத்தனம், எதிர்வீட்டு மருமகள், ரேஷனில் போடாத பாமாயில்... ஒன்றையும் விடமாட்டோம். ஒருமுறை இருவரும் எழுந்து போன பிறகுதான் பார்த்தேன், வாடகைப் பணம் சோபாவிலேயே கிடந்தது.

காலையில் நான் மோட்டார் போட்டுவிட்டு, "நூரூ... தண்ணி ஏறுது!" என்று குரல் கொடுப்பேன். டேங்க் நிரம்பியதும், "ரொம்பிடுச்சிக்கா... நிறுத்துங்க!" என்று மேலிருந்து பதில் வரும். தெருவுக்கே அதுதான் அலாரம்.

கோடை வந்தால் வடாம். எங்கள் மொட்டை மாடிக்கு நூரு வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கூழ் கிண்டுவது நான், பிழிவது இரண்டு பேரும், காவல் காப்பது அவள். காவல் என்றால் சும்மா இல்லை. மலையிலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கி வரும். செஞ்சிக் குரங்குகளுக்கு எந்த வீட்டில் எந்த நாளில் வடாம் என்று டைம்டேபிளே தெரியும்! நூரு ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் செருப்புமாக உட்கார்ந்திருப்பாள். அவள் இருக்கிற வரை ஒரு வடாம் போனதில்லை.

அப்படி இருந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில்தான் அந்தக் கோடையில் கொரோனா வந்தது.

பஸ் நின்றது. ஓட்டல் மூடியது. ஜாகீர் வீட்டோடு. நூரு அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு நாள் காலை மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவில் மெதுவாகப் போனது. வேலையில்லாமல் இருக்கிறவர்களிடம் இப்போதைக்கு வாடகை கேட்டு நெருக்கக் கூடாது, வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது, மீறினால் நடவடிக்கை.

நியாயமான உத்தரவு. நான் ஒன்றும் தியாகி இல்லை, அந்த வாடகையில்தான் எங்கள் மருந்து மாத்திரை ஓடியது. ஆனாலும் வருமானமே இல்லாத வீட்டில் போய் எப்படிக் கேட்பது? கேட்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அத்தோடு நின்றோமா? என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவர். ரேஷன் க்யூவில் யாரோ கிளப்பிவிட்டதைக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஓனர் படியேறி வாசல்ல போய் நின்னாலே கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமாம். நீ பாட்டுக்கு மேல போயிட்டு வந்துட்டு இருக்காத."

"நான் துணி காயப்போடத்தானே போறேன்?"

"அது உனக்குத் தெரியும். அவங்களுக்கு? வாடகைக்குத்தான் வந்து நிக்கிறாங்கன்னு நெனச்சிட்டா பாவம், மாசமா இருக்கிற பொண்ணு டென்ஷன் ஆயிடும். ஆர்டர்னா ஆர்டர்தான்."

கம்ப்ளெய்ன்ட் கதை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் நூரு சங்கடப்படுவாள் என்றாரே, அது சரிதான் என்று பட்டது. அன்றிலிருந்து நான் படியேறவில்லை. மோட்டார் போடும்போது குரல் கொடுத்தால்கூட ஞாபகப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று, இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்தில் நிறுத்தினார். துணி, கிணற்றடியில். வடாம்கூடக் கீழே, வேப்பமர நிழல் போக மிச்சமிருந்த துண்டு வெயிலில். பாதியைக் குரங்கு தின்றது.

இதையெல்லாம் பெரிய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தையும் கேளுங்கள். அந்த வாரம் இதே பத்தியில் வீட்டு உரிமையாளர்களுக்கு இரக்கம் பற்றி ஒரு பிரசங்கம் எழுதினேன். படித்துவிட்டுக் கண் கலங்கியதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேலே சத்தமே இல்லை. நூரு இறங்கி வரவில்லை. ஷபானா குதிக்கிற சத்தமும் நின்றுபோனது. நோன்பு மாதம் பிறந்தது. வருடாவருடம் தூக்கில் கஞ்சி வரும். அந்த வருடம் வரவில்லை. பள்ளிவாசல் மூடியிருக்கிறது, கஞ்சிக்கு எங்கே போவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும், எல்லாம் சரியானதும் பேசிக்கொள்ளலாம்...

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். கத்திரி வெயில் கொளுத்துகிறது. மேலே சுவரைச் சுரண்டுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு வாசனை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், மாடிப்படிக்கு அடியில் பொங்கலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த எங்கள் சுண்ணாம்பு மூட்டையைக் காணோம்.

ஊரே அடங்கிக் கிடக்கிற நேரத்தில் யாராவது வெள்ளையடிப்பார்களா?

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. எங்கள் பக்கம் குடியிருக்கிற வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடிக்காவிட்டால் ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் வந்தது கோபம். மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்களாமே! புடவையைச் செருகிக்கொண்டு படியேறினேன். கீழேயிருந்து இவர், "ஏய், ஆர்டர்!" என்று கத்தினார். "உங்க ஆர்டரைத் தூக்கி அடுப்புல போடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

என் தலை தெரிந்ததும் ஷபானா உள்ளே ஓடியது. "அம்மா... ஓனரம்மா வராங்க!"

ஓனரம்மா. பெரிம்மா எங்கே போனாள்? அந்த ஒரு சொல்லில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

உள்ளே பாத்திரங்கள் சாக்கில் கட்டியிருந்தன. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். ஸ்டூல் மேல் ஜாகீர். தலையில் துண்டு, இமையெல்லாம் சுண்ணாம்பு. நோன்பு வைத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், அந்த வெயிலில் பாதிச் சுவரை முடித்திருந்தார்.

"இன்னா ஜாகீரு இது?"

அவர் இறங்கி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "காலி பண்றோம்க்கா. திங்கக்கெழம காய் வண்டி ஒண்ணு அவலூர்பேட்டைக்குப் போவுது, ஏத்திக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அண்ணன் வூட்ல இருந்துக்குவோம். போறதுக்கு முன்னாடி சொல்லலாம்னுதான் இருந்தேன்... உங்க மொகத்துல முழிக்கத் தெம்பு வரல."

அண்ணன் வீடு எனக்குத் தெரியும். ஓர் அறை, ஏற்கெனவே ஆறு பேர். பிரசவம் செஞ்சி ஆஸ்பத்திரியில் என்று எழுதிப் பதிந்திருக்கிறார்கள். பஸ் ஓடாத நேரத்தில் வலி எடுத்தால் அங்கிருந்து எப்படி வருவாள்?

"யாருப்பா உங்கள காலி பண்ணச் சொன்னது?"

"வாயால யாரும் சொல்லலக்கா. மைக்குல சொன்னது எங்களுக்கும்தான் கேட்டுச்சு. ஓனருங்க வாயத் தொறந்து சொல்லக் கூடாது, அதான் இப்டி நடந்துக்கிறாங்கன்னு நானா புரிஞ்சிக்கினேன்."

"எப்படி நடந்துக்கிட்டோம்?"

அதுவரை சுவரில் சாய்ந்து பேசாமல் நின்றிருந்த நூரு வெடித்தாள். "எப்டியா? தண்ணி ஏறுதுன்னு ஒரு கொரல் இல்ல. துணிய கெணத்தடிக்கு எடுத்துக்கினு போயிட்டீங்க. வருசா வருசம் இங்க காயற வடாம் கீழ காயுது. கொரங்கு வந்து அள்ளிக்கினு போவுது, நான் மேலேர்ந்து பாத்துக்கினேதான் இருந்தேன். அக்கான்னு கத்த தொண்டை வரிக்கும் வந்துச்சு. நம்மளயே வேணாம்னு ஒதுக்கிட்டாங்க, நாம இன்னாத்த கத்துறதுன்னு முழுங்கிட்டேன்."

"வாடகைக்கு வந்தேன்னு நீ நெனச்சிக்குவியோன்னுதான்டி நான் வரல!"

"வாடகை கேக்கறதுக்காவது ஒருவாட்டி வந்திருக்கக் கூடாதாக்கா? தர முடியலக்கான்னு சொல்லி ஒரு மூச்சு அழுதிருப்பேன். நீங்களும் ரெண்டு திட்டு திட்டிட்டு, காப்பி குடிச்சிட்டுப் போயிருப்பீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. எத்தனை பேர் பாராட்டி எழுதிய இரக்கம் அது! என் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மூட்டை கட்ட வைத்திருக்கிறது.

அதற்குள் படியில் காலடிச் சத்தம். மாஸ்க் போட்டுக்கொண்டு இவர். கடைசிப் படியில் நின்று, "நான் வாசலுக்கு வரல, படியிலதான் நிக்கிறேன். வாடகை பத்திப் பேசவும் வரல" என்று சபைக்கு அறிவித்தார். ஜாகீருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பசி மயக்கமா, நிம்மதியா, தெரியவில்லை.

சாக்கு மூட்டையை நானே பிரித்தேன். காய் வண்டி திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு வராமலேயே போனது. மறுநாள் மோட்டார் போட்டுவிட்டு நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரர் மாஸ்க் இல்லாமல் வெளியே ஓடி வந்துவிட்டார். ஆடி பிறப்பதற்கு முன்னால் செஞ்சி ஆஸ்பத்திரியில் நூருவுக்குப் பையன் பிறந்தான்.

ஓட்டல் திறந்த பிறகு ஜாகீர் இறங்கி வந்து, "அந்த மாசத்துக்கெல்லாம் எப்டிண்ணே?" என்று கேட்டார். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் காலண்டர்லயே இல்லாத மாசம்ப்பா" என்றார். முப்பது வருட சர்வீஸில் அவர் சட்டத்துக்கு வெளியே பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது யோசித்தால் அந்தக் கெட்ட காலத்தைக்கூட மனசு ஏக்கத்தோடுதான் திரும்பிப் பார்க்கிறது. ஒரு வீட்டின் மௌனம் இன்னொரு வீட்டை அத்தனை தூரம் அடித்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேசியிருப்போம்!

அவலூர்பேட்டையில் சொந்தமாக ஓட்டல் போட இடம் கிடைத்து அவர்கள் நிஜமாகவே காலி செய்தது இரண்டு வருடம் கழித்து. வண்டி ஏறும்போது நூரு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, பத்து நாள் வந்து எங்க வூட்ல தங்குங்க. பயப்படாதீங்க... வாடகை கேக்க மாட்டேன்."

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டைக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.

இப்போது எந்த ஆர்டர் என்னைத் தடுக்கிறதாம்?