அப்பா பிரைமர் தெரிவுசெய்த கராஜ்

இன்று குத்துவிளக்கை மினுக்கியபோது எழுந்த பித்தளை வாசம், ஊரைவிட்டு வந்து டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜை நினைவுக்குக் கொண்டுவந்தது. இப்போது அங்கே மாடிவீடுகள் நிற்கின்றன.

வேலையில்லாத சனிக்கிழமைகளில், குறிபார்த்துச் சுடும் கிளப்புக்காக அப்பா அங்கே இருந்து தோட்டா செய்வார். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை மினுக்கி முடித்தபின், வெடிமருந்தைப் பற்றவைக்க அவற்றின் அடியில் பொருத்தும் பொட்டளவு பிரைமரைத் தெரிவுசெய்யத்தான் அவருக்கு நெடுநேரம் பிடிக்கும். எது சீராகப் பற்றுகிறது என்று கொப்பியில் எழுதி வைத்ததைப் பார்ப்பதும், பெட்டிகளை மாற்றி மாற்றி வைப்பதுமாக மெல்லச் சீட்டியடித்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பக்கமே வராத அம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு இவ்வளவு யோசினை?"

"நல்லதா எடுத்தாத்தானே குறி தப்பாது," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

"என்ர தம்பிக்கும் ஆரோ இப்பிடித்தான் பாத்துப் பாத்து எடுத்திருப்பான், என்ன?"

ஊரில் துவக்குச் சூடுபட்டு இறந்த மாமாவைப் பற்றி அம்மா என் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா பெட்டியை மூடினார்.

அடுத்த கிழமையே துவக்கை விற்றுவிட்டார். அதன் பிறகும் சனிக்கிழமைகளில் அந்த வெறும் மேசைக்கு முன்னால் போய் இருப்பார். சில நாட்களில் அம்மாவும் போய்ப் பக்கத்தில் இருப்பார்.