மாதா கோயில் படியில் என் பின்னல்

எனக்கு எலிவால் முடி. பினாங்கு மாதா கோயில் திருவிழா என்றால் சவரி வைத்தே தீருவேன். போன வருஷம் நானே அதை உச்சியில் இறுக்கிக் கட்டினேன். கழற்றும்போது சொந்த முடியும் கொத்தாக வந்துவிட்டது. இந்த முறை அக்கா, என் பின்னலின் பாதியில்தான் சவரியைச் சேர்த்தாள்.

"இன்னும் இறுக்குக்கா!"

"சும்மா இரு லா. சவரிக்கா வலிக்கும்? உன் மண்டைக்குத்தான்."

கோயில் வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து இறங்கிப் படியேறினேன். ரிக்‌ஷாக்காரச் சீனர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அவர் கையில், மல்லிகைச் சரத்தோடு என் பாதிப் பின்னல்! பூசைக்கு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சாவகாசமாக அதை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தாள்.

"பாத்தியா, உன் முடி ஒண்ணுகூட இதோட வரல!"