புறாவுக்கு விட்ட அறை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் மருத்துவர் என்னிடம், "வீட்டில் பறவை எதுவும் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி "இல்லை" என்றவன் நான். நிமிர்த்தியதில் இருமல் வந்துவிட்டது, அது வேறு விஷயம். அதே நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில், அலமாரி உச்சியில் மல்லாந்து கிடந்த என் பழைய தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்குள் ஒரு புறாத் தம்பதி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அவற்றை நான் வளர்க்கவில்லை, அவை தாமாகவே வளர்ந்தன. ஆகவே நான் சொன்னது பொய்யில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

காரணம் தெரியாத வறட்டு இருமலோடு இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கேள்விக்கு என்னைவிடக் கொஞ்சம் அறிவோடு பதில் சொல்லுங்கள்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. ரைத்து பஜாரிலிருந்து காய்கறிப் பையோடு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தேன். சும்மா நின்றால் மானம் போகுமே என்று மின்சார மீட்டர் பெட்டியை உற்றுப் பார்ப்பதுபோல் நிற்பேன். புதிதாகக் குடிவந்த கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் என்னை மின்வாரிய ஆள் என்று நினைத்து, பில் எப்படி இவ்வளவு வந்தது என்று சண்டைக்கு வந்துவிட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. தப்பு என் பக்கம் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

பிறகு மாலை வேளைகளில் லேசான ஜுரம், நெஞ்சில் ஓர் இறுக்கம். ஆன்டிபயாடிக் எடுத்தேன், இருமல் மருந்து குடித்தேன். காசநோயாக இருக்குமோ என்று சளியைப் பரிசோதித்தார்கள். அதுவும் இல்லை. நடுவில் பெங்களூரிலிருக்கும் எங்கள் மகள் நந்தினியின் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே இருமல் இருந்த இடம் தெரியவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே திரும்பி வந்தது. "பெங்களூர் தண்ணி அப்படி" என்று மருத்துவரிடம் விளக்கினேன்.

என் மனைவி பத்மா செகந்திராபாத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் தமிழுக்குள் ஹைதராபாத் சட்டென்று தலை நீட்டும். மருத்துவர் தெலுங்குப் பெண்மணி. "உங்கள் வீட்டில் இருப்பது, மகள் வீட்டில் இல்லாதது எது?" என்று அவர் கேட்டார்.

"இவர் ரூம்தான் மேடம்" என்றாள் பத்மா. கையோடு ஃபோனை எடுத்து அறையின் படத்தைக் காட்டினாள். எப்போது எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மருத்துவர் படத்தைப் பெரிதாக்கினார். தலைக்கவசத்தில் வந்து நின்றார்.

"இது என்ன?"

"புறா, மேடம்."

"இல்லை என்றீர்களே?"

"வளர்க்கலை மேடம். தங்கியிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. பத்மாவும்.

நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழாயில் 'ஊதுங்க, இன்னும் ஊதுங்க' என்று ஊதவைத்து நுரையீரலின் கொள்ளளவைப் பார்த்தார்கள். நடக்கவைத்து விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் எங்கே இறங்குகிறது என்று பார்த்தார்கள். வந்த பெயர், ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் (மூச்சோடு போகும் நுண்ணிய தூசியை எதிரியென்று நினைத்து நுரையீரல் தானே வீங்கிக்கொள்ளும் ஒவ்வாமை நோய்). புறா எச்சம், இறகுத் துகள், ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை மூன்றும் காரணமாகலாம். என் அறையில் மூன்றும் சமத்துவத்தோடு வாழ்ந்தன.

"இப்போது இருப்பது வீக்கம். அது வடியும். இந்தத் தூசி தொடர்ந்து போனால் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் தழும்பு கட்டிப்போவது) ஆகிவிடும். தழும்பு விழுந்த இடம் திரும்ப வராது. மருந்து நான் தருகிறேன். அறை உங்கள் கையில்" என்றார்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராமச்சந்திராபுரத்தில் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பத்மா குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். இந்த ஃபிளாட்டை வாங்கும்போது, "பின்னறை உன் பாட்டுக் கிளாஸுக்கு" என்று வாக்குக் கொடுத்தது நான்தான். பிறகு ஓய்வுபெற்றேன். என்னோடு என் சாமான்களும் ஓய்வுபெற்று அந்த அறைக்கு வந்தன. முள் இல்லாத மானிகள், தலையில்லாத பம்பு, பம்பில்லாத தலைகள், டப்பா டப்பாவாக நட்டும் போல்ட்டும். பாட்டுக் கிளாஸ் ஆரம்பிக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்த்தது ஸ்டோர்ஸில். தொழிலாளர்களுக்கு, 'தேவையற்றதைப் பிரித்து அப்புறப்படுத்துங்கள்' என்று பாடம் எடுத்து, ஒழுங்குக்காகப் பரிசும் வாங்கியவன். அந்தப் பரிசுக் கோப்பை அந்த அறையில்தான் எங்கேயோ கிடந்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பொதுத்துறையில் எதையும் சும்மா தூக்கி எறிய முடியாது. அதைக் 'கண்டம்' (உதவாதென்று கழித்துத் தள்ளுவது) செய்ய வேண்டும். உடைந்த நாற்காலியானாலும், பயன்படுத்தும் துறையிலிருந்து ஒருவர், ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர், நிதித்துறையிலிருந்து ஒருவர் நேரில் பார்த்து, மூவரும் ஒப்புக்கொண்டால்தான் அது குப்பை. அதுவரை அது சொத்து. வேலைக்காலம் முழுக்க அப்படியே பழகியவனுக்கு, ஒரு பொருளைக் குப்பை என்று தனியாகச் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? காலையில் அப்பா புறா வந்து அடைகாக்கும். சாயங்காலம் அம்மா புறா வந்து மாற்றிக்கொள்ளும். ஷிஃப்ட் ஒருநாளும் தவறியதில்லை. அவற்றைக் கண்டம் செய்ய எனக்கு மனமும் வரவில்லை. அவை வந்துபோகும் வெண்டிலேட்டர் ஜன்னலில் உடைந்த கண்ணாடியை மாற்றாமல் விட்டேன்.

"சரி, கமிட்டி போட்ருவோம்" என்றாள் பத்மா.

பயன்படுத்தும் துறைக்கு அவள். ஸ்டோர்ஸுக்கு, லீவு போட்டு வந்த நந்தினி. நிதிக்கு எதிர்வீட்டு ராவ் காரு. அவர் எங்கள் தொழிற்சாலையிலேயே நிதித்துறையில் இருந்தவர். வேலையிலிருந்த காலத்தில் என் குறிப்புகளைத் திருப்பி அனுப்பியே பழகியவர். தூசி கிளம்பும்போது நான் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. ஆகவே எதிர்வீட்டில், ராவ் காருவின் சோபாவில் முகமூடியோடு உட்கார்ந்தேன். நடுவே வீடியோ அழைப்பு. நந்தினியும் பத்மாவும் முகமூடி, கையுறை போட்டு, எல்லாவற்றின் மேலும் முதலில் தண்ணீர் தெளித்தார்கள். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, குஞ்சுகள் ஏற்கெனவே பறந்துபோயிருந்தன.

மருத்துவர் ஒரு விதி சொல்லியிருந்தார்: கழுவித் துடைக்க முடிந்தது இருக்கலாம், துடைக்க முடியாத துணி, பஞ்சு, காகிதம், அட்டை எல்லாம் போகவேண்டும். கேட்டதும் உள்ளூரத் துள்ளிக் குதித்தேன். என்னுடையதெல்லாம் இரும்பு!

நந்தினிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கு கலந்துதான் வரும். திரையில் ஒரு மானியைத் தூக்கிக் காட்டினாள்.

"எந்துக்குப்பா இதி?"

"பிரஷர் கேஜும்மா. நல்ல கண்டிஷன். கழுவி வை."

"முள்ளு லேதுப்பா."

"முள்ளு வாங்கிப் போட்டுக்கலாம்."

"கண்டம்" என்றார் ராவ் காரு, டீயை உறிஞ்சியபடி.

"இந்த பல்பு ஹோல்டரெல்லாம்?" என்றது பத்மாவின் குரல். "கைக்கு, எதுக்கு இத்தனை? நம்ம வீட்ல எரியறதே நாலு பல்பு."

"வீடு பெரிசானா..."

"நக்கோ போலே தோ நக்கோ."

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இருந்தாலும் நான் விடவில்லை. துடைக்க முடிந்தது இருக்கலாம் என்று மருத்துவர் பெயரைச் சொல்லிச் சொல்லி டப்பா டப்பாவாக மீட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

அப்போது பம்புக்கு அடியிலிருந்து நந்தினி ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். பத்மாவின் சுருதிப் பெட்டி.

பத்மா அதை வாங்கி, துருத்தியை ஒருமுறை அழுத்தினாள். பெட்டி முனகியது. பக்கவாட்டிலிருந்து பச்சையும் சாம்பலுமாக ஒரு புகை கிளம்ப, நந்தினி பின்னால் நகர்ந்தாள். ஸ்டெதஸ்கோப்பில் என் நெஞ்சும் மருத்துவருக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்.

"இது போகட்டும்" என்றாள் பத்மா.

"இரு, இரு. அதைத் துடைச்சிடலாம்" என்றேன்.

"எதைத் துடைக்கறது? துருத்தி முழுக்கத் துணியும் அட்டையும். உள்ளெல்லாம் பூஞ்சை. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வெளியே பால்கனில வெச்சா..."

"அங்கேயும் நீங்கதானே மூச்சு விடப்போறீங்க?"

ராவ் காரு கோப்பையைக் கீழே வைத்தார். அன்று முழுக்க எல்லாவற்றையும் கண்டம் செய்தவர் ஃபோன் பக்கம் குனிந்து, "நேனு ஒப்புக்கோனு, பத்மா காரு" என்றார். நான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். மூவரில் ஒருவர் மறுத்தாலும் பொருள் தப்பிவிடும். எங்கள் இருவருக்கும் தெரிந்த விதி அது.

"தேங்க்ஸ் ராவ் காரு" என்றாள் பத்மா. "ஆனா பெட்டி வேற வாங்கிக்கலாம். இவருக்கு வேற நுரையீரல் எங்க போய் வாங்கறது, இவரோட ஸ்டோர்ஸ்லயா?"

பெட்டியைத் தானே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ராவ் காரு வீட்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் ஆசைப்பட்டு வைத்திருந்தது போய், நான் எதற்கென்றே தெரியாமல் வைத்திருந்தது எல்லாம் தங்குகிறது. விதி அப்படி; ஏனென்றால் என்னுடையது இரும்பு. அந்தக் கணக்கு எனக்குச் சகிக்கவில்லை.

"நந்தினி" என்றேன். "மிச்சமெல்லாம் கண்டம்."

"அந்தானா?" எல்லாமேவா என்று கேட்கிறாள்.

"எல்லாம். ஹெல்மெட்டும்."

கமிட்டி இல்லாமல் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது. ராவ் காரு என் தொடையைத் தட்டினார். இருமல் வந்தது. அது இருமல்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

கண்ணாடி மாற்றி, வெள்ளையடித்து, ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகே என்னை வீட்டுக்குள் விட்டார்கள். வலைக்கு வெளியே அந்த ஜோடி கொஞ்ச காலம் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மருந்து ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து, தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்). கன்னம் உப்பியது. சர்க்கரை ஏறியது. பார்த்தவர்களெல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். பசி மட்டும் இரண்டு ஆளுக்கு. காரணமில்லாமல் கோபமும் வரும். இது மருந்தின் வேலை என்று வீட்டிலிருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன். பத்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம்.

மறு ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. அடியில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு தழும்பு. "அது அப்படியே இருக்கும். பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். என் உடம்பிலேயே கழுவித் துடைக்க முடியாத ஒன்று இப்போது இருக்கிறது. அதை யாரும் கண்டம் செய்ய முடியாது, அதோடுதான் குடித்தனம்.

முன்பெல்லாம் மூச்சு என்ற ஒன்று ஓடுவதே எனக்குத் தெரியாது. இப்போது படியேறும்போது அது பக்கத்தில் கூடவே ஏறிவருவதுபோல் இருக்கிறது. அவசரப்படுத்தினால் முறைத்துக்கொள்ளும். காலமும் கொஞ்சம் மாறிவிட்டது. அந்த அறையில் நான் சேர்த்ததெல்லாம், 'என்றைக்காவது உதவும்' என்ற ஒரே வாக்கியத்தை நம்பித்தான். அந்த என்றைக்காவது என்னிடம் அளவில்லாமல் கிடப்பதாக நினைத்திருந்தேன். இப்போது இன்று மாலை என்பதே எனக்குப் பெரிய பொழுதாகத் தெரிகிறது.

தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற வாரம் பார்க் ஓரம் நடந்துகொண்டிருந்தேன். தரையில் ஒரு நட்டு. நல்ல பித்தளை, மரை கெடாதது. குனிந்தால் மூச்சு முட்டும் என்பதால் நெடுநாளாகச் செருப்பு வார்கூட நானாக மாட்டியதில்லை. அன்று யோசிக்காமல் குனிந்து, எடுத்து, நிமிர்ந்துவிட்டேன். நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது, மூச்சு முட்டவில்லை என்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அந்த நட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பின்னறையிலிருந்து பாட்டு கேட்டது. காலனிக் குழந்தைகள் சிலர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நந்தினி ஃபோனில் போட்டுக்கொடுத்த சுருதி ஒலித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், ஒரு பாய், ஒரு விசிறி, வேறொன்றும் இல்லை. பத்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசற்படியில் நின்று, "நானும் ஒரு ஓரமா உக்காந்து கேக்கட்டுமா?" என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"பாக்கெட்டைக் காட்டுங்க."