ஆறரை மணி பஸ்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பஸ் அட்டவணையில் ஆறரை என்று இருக்கும். ஏழேகாலுக்கு முன்னால் வந்ததே இல்லை. பிந்திப் போனால் சிகிச்சை நேரம் குறையும், அக்காவுக்குக் கால் வீங்கும்.

ஆத்திரத்தில் ஒரு மாதம் நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் அட்டவணை நேரம், மறுபக்கம் பஸ் வந்த நேரம். பஸ் கம்பெனி ஆபீசுக்குக் கொண்டுபோனேன், மேனேஜர் வாங்கிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கே தங்கச்சி, சரி பண்ணிர்றோம் லா" என்றார். பெருமையோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் புது அட்டவணை ஒட்டினார்கள். ஆறரைக்குப் பதிலாக ஏழேகால். இனி பஸ் தாமதமே இல்லையாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மணிய எழுதுனே சரி, யாரு காத்துக்கிட்டு நிக்கிறான்னு எழுதுனியா பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

எழுதவில்லை. மறுநாள் அக்காவோடு, அந்த பஸ்ஸுக்கு நிற்கும் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"மறுபடியும் நோட்டா?" என்று மேனேஜர் சிரித்தார்.

"நோட்டு இல்ல சார், ஆளுங்க! இவங்க மூஞ்சியப் பாத்து ஏழேகால்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கி வீங்கிய காலைக் காட்டினார். மேனேஜர் தலை குனிந்தார்.

ஆறரை மணி திரும்பி வந்தது. பஸ்ஸும் இப்போது ஓரளவு நேரத்துக்கு வருகிறது. அந்த மேனேஜர் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு மாதம் எழுதியும் அக்கா பெயரை ஒரு வரியில்கூட எழுதாத என் மேலும்தான்.